புது கம்ப்யூட்டரை எங்கே டெஸ்ட் செய்வது: கடையிலா, வீட்டிலா, வேலையில் போட்டா?

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஆன் ஆகுது, விண்டோஸ் வருது, யூடியூப் ஓடுது, இதுக்கு மேல என்ன டெஸ்ட் பண்ணணும்? கடைக்காரரே ஓட்டிக் காட்டிட்டாரே, அது போதாதா? இன்னொரு பக்கம், இருபத்துநாலு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (மெஷினை முழு லோடில் வேலை வாங்கும் டெஸ்ட்) ஓட்டச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காசு போட்டு வாங்கிய பொருளை நாமே வறுத்துவிடுவோமோ என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி உண்டு. பாகங்களைப் பாதிப் பேர் பெங்களூர் எஸ்பி ரோட்டில் வாங்குகிறார்கள், சிலர் சேலத்தில், மீதிப் பேர் ஆன்லைனில். ஏதாவது கோளாறு என்றால் சுவரைத் தாண்டிப்போய்க் கொடுத்துவிட்டு வர முடியாது. ஒரு நாள் வேலை கெடும், பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டும். ஆகவே டெஸ்ட் எப்படி என்பதைவிட எங்கே, எப்போது என்பதுதான் நமக்கு முக்கியம்.

நம்மிடம் இருக்கும் வழிகள் மூன்று. கடையிலேயே டெஸ்ட் செய்து வாங்குவது, வீட்டுக்கு வந்ததும் ஒரு ராத்திரியும் ஒரு மதியமும் ஒதுக்கி நாமே டெஸ்ட் செய்வது, தனியாக எந்த டெஸ்ட்டும் இல்லாமல் வேலையில் போட்டுப் பார்ப்பது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, எந்த மாதிரிப் பழுது பிடிபடும் என்பது. சில பாகங்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க டெஸ்ட்டே வேண்டாம். சில பழுதுகள் மாட்டியதில் இருக்கும்: சிபியுவைக் குளிரவைக்கும் கூலர் சரியாக உட்காரவில்லை, கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை, ராம் தப்பான ஸ்லாட்டில், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டில். மூன்றாவது வகைதான் தொல்லை. சும்மா இருக்கும்போது நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, லோடு ஏறும்போதும் சூடு ஏறும்போதும் மட்டும் காலை வாரிவிடும் ராம், எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), கிராபிக்ஸ் கார்டு.

இரண்டாவது, பழுது எப்போது பிடிபடுகிறது. ஆன்லைனில் வாங்கினால் மாற்றித்தரும் காலம் பெரும்பாலும் 7 அல்லது 10 நாள், கடைகளில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். அதற்குள் சொன்னால் புதுசு கிடைக்கும். அது தாண்டினால் கம்பெனி வாரண்டிதான். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, திரும்பி வருவது புதுசா ரிப்பேர் செய்ததா என்று தெரியாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்தக் கரண்டில், எந்த வெயிலில் டெஸ்ட் நடந்தது? இதற்குப் பிறகுதான் நேரம், பணம், டேட்டா எல்லாம்.

## கடையிலேயே டெஸ்ட் செய்து வாங்குவது

கடையில் நடப்பது வழக்கமாக இதுதான்: பையன் கடைசி ஸ்க்ரூவை முறுக்கி, பவர் பட்டனை அமுக்கி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பாருங்கண்ணா, 16 ஜிபி காட்டுது" என்பான், பிறகு ஒரு 4கே வீடியோ. பத்து நிமிடம். இதில் செத்துப்போன பாகம் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் கேட்கத் தெரிந்தால் கடையில் கிடைப்பது அதிகம். சீல் போட்ட பெட்டிகளை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், சீரியல் நம்பர் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைத் திறந்து எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். புதிது என்றால் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் காட்டினால் அது எங்கிருந்தோ கழற்றியது, விவாதமே வேண்டாம். அதே டாஸ்க் மேனேஜரில் ராம் வேகத்தையும் பாருங்கள். 3200 என்று பணம் வாங்கிவிட்டு 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் பயாஸில் (மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள். ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போகாதீர்கள், அநேகமாக மறதிதான்.

மானிட்டரைக் கடையிலேயே பார்த்துவிடுவது உத்தமம். முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் செத்த பிக்சல் தெரிந்துவிடும். வாங்கியபின் ஒன்றிரண்டு பிக்சலுக்காகப் பெரும்பாலான கம்பெனிகள் மானிட்டரை மாற்றித் தருவதில்லை. கடையில் வைத்து "வேற பீஸ் குடுங்க" என்று கேட்பது சுலபம்.

மறைந்திருக்கும் செலவுகள்? கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தர்றேன்" என்று தரும் ஆக்டிவேட் செய்த விண்டோஸ் முதலாவது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது, பல நேரம் விண்டோஸின் சொந்த வைரஸ் காவலையே அணைத்துத்தான் அதை ஏற்றியிருப்பார்கள். பேங்க் வேலையோ ஆதார் வேலையோ செய்யும் மெஷினில் இது கூடவே கூடாது. அப்புறம் நேரம். அரை மணி நேரம் லோடு டெஸ்ட் ஓட்டச் சொன்னால், பின்னால் நாலு கஸ்டமர் நிற்கும்போது எந்தக் கடைக்காரரும் மூஞ்சியைச் சுளிக்காமல் இருக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, டெஸ்ட் முடிந்த பிறகுதான் பயணமே தொடங்குகிறது. எஸ்பி ரோட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரி என்றால் இன்னும் கூட. சேலத்தில் வாங்கினால் தொப்பூர் கணவாய் வழியாக வரவேண்டும். அந்த ஆட்டத்தில் நாலு பிளாஸ்டிக் முள்ளால் மாட்டியிருக்கும் இன்டெல் கூலரில் ஒரு முள் விடுபட்டாலே போதும், சூடு ஏறிவிடும். ஒரு கிலோ எடையுள்ள கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து ஒரு நூலளவு நகர்ந்தால் படம் வராது. கடையில் பாஸான மெஷின் வீட்டில் ஆன் ஆகாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வரும்போது மதர்போர்டு கிடைமட்டமாக இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள், கனமான கார்டு என்றால் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக எடுத்துவாருங்கள்.

## வீட்டில் நாமே டெஸ்ட் செய்வது

என் ஓட்டு இதற்குத்தான். காரணம், கடையில் ஏசி ஓடுகிறது, பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறது. உங்கள் வீட்டில் மொட்டைமாடி ரூம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டார் போட்டால் டியூப்லைட் ஒருமுறை கண்ணடிக்கும். மெஷின் வாழப்போவது இங்கேதான், பரீட்சையும் இங்கேதான் நடக்கவேண்டும்.

ராத்திரி வேலை ராமுக்கு. மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து விட்டுவிட்டுப் படுக்கப் போய்விடலாம். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடி நின்றுவிடும். 16 ஜிபிக்கே சில மணி நேரம் பிடிக்கும், 32 என்றால் விடிந்துவிடும். காலையில் பச்சையில் பாஸ் என்று இருக்கவேண்டும். சிவப்பில் ஒரே ஒரு வரி இருந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே" என்ற பேச்சே இங்கே கிடையாது. எக்ஸ்எம்பி ஆன் செய்து ஓட்டியதில் பிழை வந்தால் அதை ஆஃப் செய்து மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது பிழை போய்விட்டால் ராம் செத்துப்போகவில்லை, அந்த வேகத்தில் அந்த போர்டோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பயாஸ் அப்டேட்டில் சரியாக வாய்ப்புண்டு. ஆஃப் செய்தும் வந்தால் ஒவ்வொரு ராம் குச்சியாகக் கழற்றி எது என்று பிடிக்கலாம்.

ராமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? மற்ற பாகம் கெட்டால் கத்தும், நின்றுபோகும், தெரிந்துவிடும். ராமில் ஒரு பிட் கெட்டால் சத்தமே வராது. கல்யாணத்தில் எடுத்த போட்டோவைக் காப்பி செய்தால் பாதிப் படம் சாம்பல் பட்டையாக இருக்கும், ஜிப் ஃபைல் திறக்காது, டேலி டேட்டா கெட்டுப்போகும். காப்பி எடுத்து வைத்ததும் கெட்ட காப்பியாக இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

மதிய வேலை சிபியுவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மணி வாக்கில் ஓட்டுங்கள், ஜன்னலைச் சாத்தி வைப்பீர்கள் என்றால் சாத்தியே ஓட்டுங்கள். அறையின் சூடு எத்தனை டிகிரி கூடுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி உள்ளேயும் கூடும். கடையில் 24 டிகிரி ஏசியில் 85 காட்டிய சிபியு, ஏப்ரல் மாதத்து மாடி ரூமில் 36 டிகிரியில் 97-ஐத் தொட்டுவிடும்.

இதற்குப் பிரைம்95 நல்லது. இது டெஸ்ட்டுக்காக எழுதிய சாஃப்ட்வேர் இல்லை, 1996 முதல் மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்காக எழுதியது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் சிபியுவிடம் கொடுத்து, வரும் விடையைச் சரிபார்க்கும். ஒரு விடை தப்பினாலும் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லிவிடும். 2016-ல் இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்கள் சில கணக்குகளில் உறைந்துபோகும் பழுது வெளியே வந்ததே இதை ஓட்டிய ஆட்களால்தான், பயாஸ் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். ஸ்மால் எஃப்எஃப்டி என்று இருப்பது சூட்டுக்கு, பிளெண்ட் என்று இருப்பது ராமையும் சேர்த்து இழுக்கும். அரை மணி நேரம் முதலாவது, ஒரு மணி நேரம் இரண்டாவது, வீட்டு மெஷினுக்கு அவ்வளவு போதும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஃபர்மார்க் இருபது நிமிடம், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

ஓடும்போது, சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வையுங்கள். டிகிரியை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ரைசன் 7000 வரிசையில் முழு லோடில் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது, ரைசன் 5 5600-க்கு 90 எல்லை, இன்டெல் பலவற்றுக்கு 100. பார்க்க வேண்டியது கிளாக் வேகம், அதாவது சிபியு எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது. பெட்டியில் போட்டிருக்கும் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம், கூலரைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஆன் செய்த சில நொடியிலேயே 95-க்கு மேல் பறந்தால் சந்தேகமே வேண்டாம், கூலர் ஒட்டவே இல்லை.

அடுத்தது கரண்ட். வீடுகளில் வாங்கும் 600 விஏ யூபிஎஸ் பலவும் 360 வாட் வரைதான் தாங்கும். 170 வாட் கார்டு, 90 வாட்டை நெருங்கும் சிபியு, போர்டு, ஃபேன், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் அதைத் தொட்டுவிடும். வேர்டு திறந்து வைத்துக் கரண்டைப் பிடுங்கிப் பார்த்தால் யூபிஎஸ் தாங்கும். ஓசிசிடி என்ற சாஃப்ட்வேரில் பவர் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, சிபியுவையும் கார்டையும் சேர்த்து இழுக்கும். அது ஓடும்போது யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கீச் என்று கத்தியபடி நின்று தாங்கினால் சரி, பொட்டென்று அணைந்தால் பெரிய யூபிஎஸ் வேண்டும். முக்கியமான ஃபைல் ஏதும் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், விண்டோஸ் அப்டேட் ஓடும்போது செய்யவே கூடாது.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? நம் ஊர்ப் பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய அளவு கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் வயர் இல்லாத சாக்கெட்டில் அது போக இடமில்லாமல் கேபினெட்டில் நிற்கும், டெஸ்டர் வைத்தால் மினுக்கும். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று இதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெங்களூர் வரை போகிறவர்கள் உண்டு. புதிதாக வாங்கி மாட்டினாலும் அதே சுரீர்தான் வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள்.

எஸ்எஸ்டி பெயர் தெரியாத பிராண்டு என்றால் மட்டும் ஒருமுறை முழுக்க நிரப்பிப் படித்துப் பார்ப்பது நல்லது, பொய்க் கொள்ளளவு இருந்தால் அப்போது தெரியும். தேய்ந்துபோகுமே என்ற பயம் வேண்டாம். 300 டிபி எழுதத் தாங்கும் என்று போட்ட 500 ஜிபி டிரைவில் ஒருமுறை நிரப்புவது அரை டிபிதான். ஹார்டுடிஸ்க் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரிசை (படிக்கத் திணறும் இடங்கள்) பூஜ்ஜியத்தைத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள், சி7 (கேபிள் வழியில் வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

செலவு என்று பார்த்தால் 300 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினாலும் 3 யூனிட். உண்மையான செலவு உங்கள் ஒரு நாள். இந்த டெஸ்ட்டில் மட்டமான எஸ்எம்பிஎஸ் புகையலாம் என்பதும் உண்மை. வாங்கிய மூன்றாம் நாள் புகைவதா, மாற்றித்தரும் காலம் முடிந்து மூன்றாம் மாதம் போர்டையும் இழுத்துக்கொண்டு புகைவதா என்று மட்டும் யோசியுங்கள்.

## வேலையில் போட்டுப் பார்ப்பது

கேலிக்குரிய வழி இல்லை இது. பெயருள்ள கம்பெனி அசெம்பிள் செய்து அனுப்பிய டெஸ்க்டாப் அல்லது லேப்டாப், வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் வாரண்டி, வேலை என்றால் டைப்பிங், பில்லிங், பிரவுசர்: இதற்குப் பிரைம்95 ஓட்டி என்ன ஆகப்போகிறது? உங்கள் வேலைதான் அதற்கு டெஸ்ட். மேலும் பிரிண்டர் டிரைவர் ஒத்துவராதது, ஸ்கேனர், கைரேகைக் கருவி அடிக்கடி துண்டிப்பது, ஸ்லீப்பிலிருந்து எழாதது எல்லாம் எந்த ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டிலும் வராது, பழக்கத்தில்தான் வரும்.

சில பழுதுகள் ஒரு ராத்திரி டெஸ்ட்டிலும் சிக்காது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில், வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதால், மாதக்கணக்கில் ஓடிய பிறகு கிராஷ் ஆகத் தொடங்கிய விவகாரம் 2024-ல் பெரிதாக வெடித்தது. முதல் நாள் எல்லா டெஸ்ட்டிலும் பாஸான சிப்கள்தான் அவை. மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது, பாதிக்கப்பட்ட சிப்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். இப்போதும் அந்தத் தலைமுறை சிப் வாங்குகிறவர்கள் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், எந்த டெஸ்ட்டுக்கும் முன்னால்.

இந்த வழியின் மறைந்த விலை டேட்டா. முதல் மாதம் பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்து பாருங்கள். சிவப்புப் பெருக்கல் குறிகள் எந்த நாளில், எந்த புரோகிராமில் என்று வரிசையாக இருக்கும். ஒரே புரோகிராம் திரும்பத் திரும்ப விழுந்தால் அது புரோகிராமின் கோளாறு. நாளுக்கொரு புரோகிராம் விழுந்தால் ராமைச் சந்தேகியுங்கள். ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட வேண்டாம், முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. கரண்ட் போனாலும் அதேதான் வரும்.

## ஒரே பார்வையில்

| | கடையில் | வீட்டில் | வேலையில் |
|---|---|---|---|
| செத்த பாகம், செத்த பிக்சல் | உடனே தெரியும் | தெரியும், பிக்சலுக்கு மாற்றித் தருவது சந்தேகம் | தெரியும், தாமதமாக |
| ராம் பிழை | தெரியாது | நன்றாகத் தெரியும் | டேட்டா கெட்ட பிறகு |
| சூடு, யூபிஎஸ், எர்த் | தெரியாது | தெரியும் | கோடையில், கரண்ட் போகும்போது |
| பயணத்தில் தளர்ந்தது | தெரியாது | தெரியும் | பெரும்பாலும் தெரியும் |
| பிரிண்டர், டிரைவர் | தெரியாது | பாதி | தெரியும் |
| மாற்றித்தரும் காலத்துக்குள் | ஆம் | ஆம் | அதிர்ஷ்டம் |

## யாருக்கு எது

கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குப் பேச்சே இல்லை, வீட்டு டெஸ்ட் முழுதாக. முகூர்த்த சீசனுக்கு இரண்டு வாரம் முன்னாடியே மெஷினை வாங்கிவிடுங்கள், ராம் டெஸ்ட் பாஸாகாமல் ஒரு கேமரா கார்டைக்கூட அதில் இறக்காதீர்கள். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை என்றால் பிராண்டு டெஸ்க்டாப்பை வாங்கி நேராக வேலையில் போடலாம், ஆனால் யூபிஎஸ்ஸையும் எர்த்தையும் மட்டும் பார்த்துவிடுங்கள். கவுன்டரில் ஆட்கள் நிற்கும்போது மெஷின் அணைந்தால் ஓடிபி போயிற்று. பர்கூர் பக்கம் ஹாஸ்டலில் தங்கிக் கேம் ஆடும் இன்ஜினியரிங் தம்பிகளுக்கு, கடையில் அரை மணி, ரூமில் மதிய டெஸ்ட், ஆனால் ஹாஸ்டல் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதை முதலில். செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்களுக்குக் கடை டெஸ்ட்தான் எல்லாம். பணம் கைமாறிய பிறகு எந்த டெஸ்ட் ஓட்டியும் பிரயோசனம் இல்லை, எனவே மெம்டெஸ்ட் ஏற்றிய பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போங்கள், ஒரு சுற்றாவது ஓடும்வரை டீ குடிக்கலாம்.

எந்த வழியில் போனாலும் பெட்டிகளை ஒரு மாதம் வரை எடைக்குப் போடாதீர்கள். டெஸ்ட் ஃபெயில் ஆனால் திரையை போனில் படம் எடுங்கள், சிவப்பு வரியும் தேதியும் தெரியும்படி. கூடவே அந்தப் பாகத்தின் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் பில்லையும். "அப்பப்ப ஹேங் ஆகுதுங்க" என்று போனால் கடையில் அதே 4கே வீடியோவைப் போட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெம்டெஸ்ட் படத்தை வாட்ஸ்அப்பில் முதல் நாளே அனுப்பிவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள், மாற்றுக் குச்சி ஸ்டாக்கில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.